வடக்கே பார்த்துத் தெற்கே போன விமானம்

இராக்கில் எங்கள் ஊரான திவானிய்யாவில் புறா விடுகிறவன் சத்தியம் செய்தால், கேட்கிறவன் குடித்துக்கொண்டிருக்கிற தேநீரைக்கூடக் கீழே வைக்க மாட்டான். அடுத்தவன் புறாவை மயக்கித் தன் மாடியில் இறக்கிக்கொண்டு, "இது என் வீட்டு முட்டையில் பொரித்தது" என்று குர்ஆன் மேல் கை வைக்கத் துணிகிற கூட்டம் அது. அதனால் புறாக்காரன் சாட்சி கோர்ட்டில் செல்லாது. எந்தச் சட்டப் புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறது என்று வக்கீல்கள் வேண்டுமானால் தேடிக்கொள்ளட்டும். உப்பு கரிக்கும் என்றும்தான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

சாசிப் புறாக்காரன். விமானியும்கூட. ஊரார் அவனை முதலாவதாகத்தான் நினைவில் வைத்திருந்தார்கள்.

செங்கல் சூளைக்காரர் மகன். பள்ளிக்கூடத்துக்குப் போன நாட்களைவிட மாடியில் கழித்த நாட்கள் அதிகம். எப்படியோ விமானப்படையில் சேர்ந்துவிட்டான். பயிற்சி முடிந்ததும் ஜெட் ஓட்ட ஆள் பொறுக்கினார்கள். "எதிரி விமானத்தைக் கண்டால் முதலில் என்ன செய்வாய்?" என்று கேட்டார்கள். "வீட்டுக்கு வந்துடுவேன் ஐயா" என்றான். அவனைப் பொறுத்தவரை மேலே போவதும் பத்திரமாகத் திரும்புவதும்தான் பறக்கிற எந்த ஜீவனுக்கும் வேலை. கேட்டவர் சிரிக்கவில்லை. அவனை எருமைக்கு அனுப்பிவிட்டார்.

எருமை என்பது விமானம். மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி என்று இரட்டைச் சிறகு, இறக்கையெல்லாம் துணி, மூக்கில் ஒரே காற்றாடி. அதைச் செய்த ரஷ்யர்களே அதை மறந்துபோயிருப்பார்கள். சண்டைக் காலத்தில் சாசிப் அதில் மாவு மூட்டை, மருந்து, கிடா, பிணம் எல்லாம் ஏற்றியிருக்கிறான். விழாது என்பதுதான் அதன் பெருமை. அதைவிட மெதுவாகப் போக வேறு விமானத்தால் முடியாது. தரையில் கழுதை வண்டி ஓட்டுகிறவன் மேலே பார்த்து சாசிப்பிடம் நலம் விசாரித்துவிட்டுப் போவான்.

குவைத் விவகாரம் முடிந்த பிறகு அமெரிக்கர்கள் எங்கள் வானத்தில் ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்குத் தெற்கே எங்கள் விமானம் எதுவும் பறக்கக்கூடாது. பறந்தால் சுட்டுவிடுவார்கள். அந்தக் கோடு ஊரின் தெற்குப் பக்கம், சூளைகளைத் தாண்டினதும் போகிறதாம். யாரும் பார்த்ததில்லை. சூளைக்காரனுக்குச் செங்கல் வடக்கே, கக்கூஸ் தெற்கே என்று தேநீர்க் கடையில் சிரிப்பார்கள். ஊருக்கு வடக்கே இருந்த எங்கள் தளத்தின் ஜெட்டுகளைப் பேரீச்சந்தோப்புக்குள் இழுத்துக்கொண்டுபோய் வலை போட்டு மூடினார்கள். ராடாரைப் போட்டால் ராடார் மேலேயே குண்டு விழும் என்று அதையும் அணைத்துவிட்டார்கள். எருமையை மட்டும் யாரும் மூடவில்லை. அதற்கு வலை செலவழிப்பது வீண் என்று மேஜர் நிஸார் நினைத்தார். அவர்தான் தளத்தின் தலைவர்.

சாசிப்புக்கு வேலை இல்லாமல் போனது. புறாக்களுக்கு நல்ல காலம். வீட்டில் ரேஷன் கோதுமைக்காக அவனுக்கும் மனைவி திஸ்வாஹினுக்கும் தினம் ஒரு சண்டை.

"சாப்பிடுறதுக்கே கோதுமை பத்தல. அதுல மாடிக்கு ஒரு கை அள்ளிட்டுப் போறீங்க."

"நான் எடுக்கல, வல்லாஹி எடுக்கல."

"உங்க சத்தியத்த கோர்ட்டே நம்பாது. நான் நம்பணுமாக்கும்?"

இந்த வசனத்தைக் கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து அவன் வாயைத் திறக்கிறபோதெல்லாம் அதைத்தான் எடுத்து வீசுவாள். ஆண்பிள்ளை என்றால் மேலே பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது, எதிரே பார்க்க வேண்டும் என்பது அவள் கட்சி. அவள் மாடிக்கு ஏறி எவரும் பார்த்ததில்லை.

அந்த வருஷம் சாசிப்புக்கு ஒரு துக்கம் வந்தது. அரூசா என்று அவன் உயிராக வளர்த்த வெள்ளைப் பெண் புறா ஒருநாள் போனது, வரவில்லை. மற்றவர்களுக்கும் புறா காணாமல் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒரு கள்ளன் ரகசியமாகக் கூண்டு வைத்து இறக்கிக்கொள்கிறான். ஊரில் இருக்கிற எல்லா மாடியையும் எல்லாப் புறாக்காரனுக்கும் தெரியும், அந்த மாடி மட்டும் தெரியவில்லை. சாசிப் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. திஸ்வாஹின் அவன் தட்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, "போனவ நல்ல எடமாத்தான் பாத்துப் போயிருப்பா" என்றாள்.

இப்படியிருக்கையில் விமானப்படை நாள் வந்தது. வானம் நம்முடையது என்று மக்கள் கண்ணால் பார்க்க வேண்டும், ஊருக்கு ஊர் விமானம் பறந்தாக வேண்டும் என்று தலைநகரிலிருந்து உத்தரவு. மேஜரிடம் பறக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சாசிப்பைக் கூப்பிட்டார்.

"கோட்டுக்கு இந்தப் பக்கமே ஒரு சுத்து சுத்திட்டு வந்துடு. உயரமாப் போ, எல்லாருக்கும் தெரியணும்."

"காலையிலயே போயிடறேன் ஐயா. மத்தியானம் ஆச்சுன்னா ஷமால் கெளம்பிடும்."

"காலையில என் பேச்சு இருக்கு."

பேச்சு இருந்தது. நீளமாகவே இருந்தது. அது முடிவதற்குள் கொடிகள் படபடத்து, மேஜரின் தொப்பி ஓடுபாதையில் உருண்டு, ஒரு சிப்பாய் அதைத் துரத்திக்கொண்டு தோப்பு வரைக்கும் ஓடினான். ஷமால் என்பது எங்கள் வடகாற்று. அது எழும்பினால் துணி காயப்போட்டவள் பக்கத்து ஊரில் போய்த்தான் தேட வேண்டும். சாசிப் மேஜர் முகத்தைப் பார்த்தான். மேஜர் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாசிப் எருமையைக் கிளப்பினான்.

காற்றை எதிர்த்துக் கிளம்பியதால் ஓடுபாதையே தேவைப்படவில்லை. நின்ற இடத்திலிருந்து எருமை அப்படியே எழும்பியது. வடக்கே மூக்கை வைத்து, சொன்னபடி உயரம் ஏறினான். முள் எல்லாம் முன்னால் போகிறாய் என்றுதான் காட்டியது. கீழே எட்டிப் பார்த்தான். தளம் அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் ஊர்ப் பள்ளிவாசல் காலுக்கடியில் வந்தது, அதுவும் முன்னால் போனது. கடைத்தெரு போனது. அப்போதுதான் விளங்கியது. எருமையைவிடக் காற்று வேகமாக இருந்தது. முழு வேகத்தில் வடக்கே பறந்தபடி அவன் தெற்கே போய்க்கொண்டிருந்தான், பின்பக்கமாக.

சூளைப் புகைபோக்கிகள் மூக்குக்கு முன்னால் ஒவ்வொன்றாகத் தோன்றின. கோடு தாண்டியாயிற்று.

இரண்டு ஜெட்டுகள் எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை. ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். வந்த வேகத்தில் அவனைக் கடந்து எங்கேயோ போய்விட்டன. திரும்பி வந்தன, மறுபடியும் கடந்துபோயின. அவனோடு கூடவே பறக்க அவற்றால் முடியவில்லை. ஒரு ஜெட் சக்கரத்தையெல்லாம் தொங்கப்போட்டு, மூக்கைத் தூக்கி, குடிகாரன் மாதிரி ஆடிக்கொண்டு மெதுவாகப் போகப் பார்த்தது. விழப்போனது, பயந்து ஓடிவிட்டது. ரேடியோ பேசியது. அமெரிக்கர்களின் மொழிபெயர்ப்பாளன் குரல், செய்தி வாசிக்கிறவன் மாதிரி இலக்கண சுத்தமான அரபு.

"அறிமுகமற்ற வானூர்தியே! தடை செய்யப்பட்ட வான்வெளியில் நுழைந்துள்ளீர். உடனே வடதிசை நோக்கித் திரும்புவீராக!"

"கண்ணு, நான் வடக்கதான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றான் சாசிப்.

"ஆயினும் தெற்கே செல்கின்றீர்."

"அது நான் இல்ல. காத்து."

"வேகத்தைக் கூட்டுவீராக!"

"இதான் வேகம். இன்னும் கூட்டினேன்னா றெக்க கழண்டு உன் மடியிலதான் விழும்."

ரேடியோ கொஞ்ச நேரம் கரகரத்தது. பின்னால் யார் யாரோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். சுடுவதா வேண்டாமா என்ற பேச்சாகத்தான் இருக்கும். சாசிப்புக்குத் திஸ்வாஹின் முகம் நினைவுக்கு வந்தது, அந்த நேரத்திலும் அது திட்டிக்கொண்டுதான் இருந்தது. பிறகு அதே குரல் வந்தது. இலக்கணமெல்லாம் எங்கேயோ பறந்துபோய், பெய்ரூத் கடைத்தெருப் பேச்சாக இருந்தது.

"யோவ், நெசமாவே பின்னாடியா போற?"

"வல்லாஹி பின்னாடிதான்!"

அந்தப் பக்கம் ஒரு வெடிச்சிரிப்பு. ஒருவன் சிரிப்பு இல்லை, ஒரு அறை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் தன்னைக் காப்பாற்றியது என்று சாசிப் பின்னாளில் சொல்வான். புறாக்காரன் சொன்னது, நம்புவது உங்கள் இஷ்டம்.

எதிர்காற்றில் மாட்டின புறா என்ன செய்யும்? கூரையை ஒட்டித் தாழப் பறந்து வீடு சேரும். தாழ்வில் காற்று குறைவு. மேஜர் சொன்ன உயரத்தை மேஜருக்கே விட்டுவிட்டு, சாசிப் எருமையைப் பனையளவுக்கு இறக்கினான். எருமை நின்றது. யோசித்தது. பிறகு மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்தது. ஜெட்டுகள் மேலே வட்டமடிக்க, வாய்க்கால் வாய்க்காலாக, சுவர் சுவராக ஊர்ந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தான்.

ஊரின் தெற்கோரத்தில் ஒரு வீடு. மாடியைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் சுவர். தெருவிலிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியாது. தோழர் முஜ்பில் வீடு. ஆளும் கட்சியில் பகுதிச் செயலாளர், கூட்டங்களில் 'புறா விடுகிற சோம்பேறிகள்' என்று பெயர் சொல்லித் திட்டுகிறவர். அந்தச் சுவருக்கு மேலாக எருமை நத்தை வேகத்தில் நகர்ந்தபோது சாசிப் உள்ளே பார்த்தான். கூண்டு இருந்தது, நல்ல பெரிய கூண்டு. நடுவில், புறா ஓட்டுகிற கறுப்புத் துணி கட்டிய கொம்பைத் தூக்கிப் பிடித்தபடி தோழர் முஜ்பில். அவர் காலடியில் அரூசா.

இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். அந்த வேகத்தில் பார்க்காமல் இருக்கவும் வழியில்லை.

"அடேய் புறாத் திருடா! நாசமாப் போறவனே!" என்று கத்தினான் சாசிப்.

"எங்களையா சொல்ற?" என்றது ரேடியோ.

மறுநாளே சாசிப்பைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எதிரியிடம் ஓடிப்போகப் பார்த்தான் என்று புகார். கொடுத்தவர் தோழர் முஜ்பில். அந்தக் குற்றத்துக்கு ஒரே தண்டனைதான், கயிறு. மேஜர் நிஸார் தன் கழுத்தை முதலில் காப்பாற்றிக்கொண்டார். நான் எந்த உத்தரவும் போடவில்லை, விழா முடிந்ததும் சாப்பிடப் போய்விட்டேன், விமானம் கிளம்பியதா என்றுகூடத் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எவ்வளவு ஆண்மை பாருங்கள்.

விசாரிக்க வந்தவர் கர்னல் யூனுஸ். கஞ்சத்தனத்துக்குப் பேர்போன மோசூல்காரர், அதனால் வார்த்தையைக்கூடச் சிக்கனமாகத்தான் செலவழிப்பார். அவருடைய தாத்தா காஜியாக இருந்து தீர்ப்புச் சொன்னவர்.

"தெக்க போனியா?"

"வால் போச்சு ஐயா, நான் போகல. மூக்கு வடக்கதான் இருந்துச்சு."

"ஐயா, இவன் புறாக்காரன்!" தோழர் முஜ்பில் எழுந்தார். "புறாக்காரன் சாட்சி செல்லாது. இது இன்னிக்கு நேத்து வந்த வழக்கம் இல்ல."

கர்னல் தாத்தாவை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "வழக்கம்தான்" என்றார். சாசிப் சொன்னது அத்தனையும் அடிபட்டுப்போனது.

அப்போது எங்கள் ஊர்ப் புறாக்காரர்கள் நான்கு பேர், முடிதிருத்துகிற ஷந்நானும் இன்னும் மூன்று பேரும், தைரியமாக எழுந்தார்கள். தைரியம் என்று சும்மா சொல்லவில்லை. அந்த நாளில் அந்த அறையில் எழுந்து நிற்பதற்கே நெஞ்சு வேண்டும். விமானம் வடக்கே பார்த்துத்தான் இருந்தது, நாங்கள் பார்த்தோம் என்றார்கள்.

"அந்த நேரத்துல ஏன் மேல பாத்தீங்க?" என்றார் கர்னல்.

நான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள். நான்கு சாட்சிகளும் அடிபட்டுப்போயின.

"புறா வளக்காதவங்க யாராச்சும் பாத்தீங்களா?"

கூட்டத்தில் பின்வரிசையில் திஸ்வாஹின் பாதி எழுந்தாள். கறுப்பு அபாயா அங்கியின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். சாசிப் அதைப் பார்த்தான். கடைசி நாளிலும் இவள் என்னை நம்பவில்லையே என்று நினைத்துக்கொண்டான்.

முஜ்பில் மட்டும் சாட்சி. "என் மாடியிலேருந்து இந்தக் கண்ணால பாத்தேன். தெக்கதான் போனான்."

"மாடியில என்ன செஞ்சீங்க?"

"எதிரி வர்றானான்னு கண்காணிச்சேன் ஐயா."

முஜ்பில் மாடியில் கூண்டு இருக்கிறது என்று சாசிப் கத்தியிருக்கலாம். என்ன பிரயோசனம்? அவன் சொன்னால் செல்லாது. அந்தக் கூண்டைப் பற்றிச் சொல்லச் செல்லுபடியாகிற வாய் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது முஜ்பிலின் வாய்.

"கடைசியா ஏதாச்சும் சொல்லணுமா?" என்றார் கர்னல்.

"சொத்துன்னு ஒண்ணும் இல்ல ஐயா. என் புறாக்கள ஷந்நான் எடுத்துக்கட்டும்." சாசிப் மூக்கை உறிஞ்சினான். "இன்னொண்ணு. அரூசான்னு ஒரு வெள்ளப் புறா காணாமப் போச்சு. அது இப்ப யார்கிட்ட இருந்தாலும் சரி, என் சார்பா ஒரு புண்ணியம் பண்ணச் சொல்லுங்க. அத அறுத்து சோத்துல போட்டுடட்டும்."

முஜ்பில் நாற்காலியில் அசைந்தார்.

"கெழட்டுப் பறவ ஐயா. றெக்கயில பேனு. எடுத்தவன் ஏமாந்தான். அத விடுங்க, பொறப்புலயே மலடு."

"யாருடா மலடு?"

முஜ்பில் நாற்காலி விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். "மலடாமே மலடு! என் வீட்டுக்கு வந்து ரெண்டு தடவ குஞ்சு பொரிச்சிருக்குடா! பால் மாதிரி குஞ்சு! உனக்கு வளக்கத் தெரியல, அதச் சொல்லு! புழுத்த ரேஷன் கோதுமயப் போட்டுக் கொன்னுட்டு..."

அங்கேதான் நிறுத்தினார். கொஞ்சம் தாமதம்.

கர்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிதானமாக மாட்டிக்கொண்டார். "தோழரே, நீங்க புறா வளக்குறீங்களா?"

"சேச்சே! பசங்க வெளயாட்டுக்கு ஏதோ... என் வீட்டு முட்டையில பொரிச்சது ஐயா! சத்தியமா!"

புறாக்காரன் சத்தியம் அது. அச்சு அசல். காவலுக்கு நின்ற சிப்பாய் துப்பாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கினான். கர்னல் மட்டும் சிரிக்கவில்லை. எழுத்தரைப் பார்த்துச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான் இருக்கும்:

"வானத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் புறாக்காரர்கள். புறாக்காரர் அல்லாதவர் எவரும் வானத்தைப் பார்க்கவில்லை. பறக்கும்படி யாரும் உத்தரவிடவில்லை என்று மேஜரே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆகவே அன்று விமானம் எதுவும் பறக்கவில்லை. பறக்காத விமானத்தில் எவனும் ஓடிப்போக முடியாது."

வெளியே போகிற வழியில் சாசிப் பக்கத்தில் ஒரு கணம் நின்றார். "நெசமாவே பின்னாடியா?" என்று உதடு அசையாமல் கேட்டார்.

"ஐயா, நான் புறாக்காரன்" என்றான் சாசிப்.

அவனும் திஸ்வாஹினும் வீட்டுக்கு நடந்தார்கள். உயிர் பிழைத்த சந்தோஷம் அவனுக்கு வந்து வந்து பாதியிலேயே திரும்பிக்கொண்டிருந்தது. அந்த ஜெட்டுகளைக் கிட்டத்தில் பார்த்து, அவற்றோடு பேசி, வீட்டுக்கு வந்த ஒரே ஆள் அவன். இப்போது அவன் பறக்கவே இல்லை என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. போகட்டும். இவள் ஏன் உட்கார்ந்தாள்?

அவள் பாமியா என்கிற வெண்டைக்காய்க் குழம்பைத் தட்டில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை.

"எந்திரிச்சியே" என்றான். "என்ன சொல்லலாம்னு எந்திரிச்ச?"

"மூக்கு வடக்க இருந்துச்சுன்னு."

சாசிப் நிமிர்ந்து பார்த்தான்.

"நான் பாத்தேன். தளத்துக்கு மேல ஏறுனதுலேருந்து பாத்தேன். பின்னாடியே போனீங்க, கடைத்தெருவுக்கு மேல, சூளைக்கு மேல. அந்த ரெண்டு சனியனும் வந்துச்சு. நான் கத்துனேன், உங்களுக்கு எங்க கேட்டிருக்கும்." அவள் அபாயா நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பனை ஒசரத்துக்கு எறங்கி மெதுவா வந்தீங்க பாருங்க, அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு."

"எங்கேருந்து பாத்த?"

அவள் ரொட்டியைப் பிய்த்தாள்.

"அடி, பாத்தேங்கற. அப்புறம் ஏன் உக்காந்த? உன் ஒரு வார்த்த போதுமே! ஊர்லயே நீ ஒருத்திதான் புறா..."

"மாடியிலேருந்து பாத்தேன்." ரொட்டியைப் பிய்ப்பதை அவள் நிறுத்தவில்லை. "நீங்க வேலைக்குப் போற நாள்ல மத்தியானம் அதுங்கள யாரு விடுறான்னு நெனச்சீங்க? கூண்டுக்குள்ளேயே அடச்சுக் கெடந்தா செத்துப்போயிடாதா? கோதுமயும் நான்தான் எடுத்தேன். கல்யாணம் ஆனதுலேருந்து."

சாசிப் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்த மோசூல்காரரு 'ஏன் மேல பாத்த'ன்னு கேட்டிருப்பாரு. குர்ஆன் மேல கை வெச்சுப் பொய் சொல்ல எனக்கு வராது" என்றாள் திஸ்வாஹின். "என் சாட்சியும் செல்லாது."